பாதியில் அறுபட்ட நிறுவல்

தம்பி பைக் விபத்தில் இறந்து சில மாதங்களுக்குப் பிறகுதான் அவனுடைய லேப்டாப்பைத் திறந்தேன். வீட்டிலிருந்தே செய்யும் வேலை ஒன்றுக்குத் தேர்வு எழுத வேண்டியிருந்தது. அதற்கு ஒரு மென்பொருள் தேவை. கணவர் மஸ்கட்டில் இருந்தார். நான் கைக்குழந்தையோடு குளச்சல் பக்கம் அம்மா வீட்டில் இருந்தேன்.

அவன் அதில் லினக்ஸ் இயங்குதளம் போட்டிருந்தான். அதில் பேக்கேஜ் மேனேஜரிடம் பெயரைச் சொன்னால், துணைக்கு வேண்டியவற்றையும் சேர்த்து அதுவே இறக்கி நிறுவிவிடும். நானும் படித்தவள்தான். ஆனாலும் முதலில் வந்த செய்தி என்னைத் திடுக்கிட வைத்தது: வேறு யாரோ இதைப் பயன்படுத்துகிறார்கள், காத்திரு. பின்னணியில் ஏதோ அப்டேட் ஓடுகிறது என்று அறிவு சொன்னது. ஆனாலும் திரும்பி வாசலைப் பார்த்தேன்.

அணைத்துப் போட்டபோது வேறு பிழை. முன்பு தொடங்கிய நிறுவல் ஒன்று பாதியில் அறுபட்டிருக்கிறதாம். அதை முடிக்க வேண்டும், அல்லது நீக்க வேண்டும். அதுவரை புதிதாக எதுவும் நடக்காது. பெயரைப் பார்த்தேன். குழந்தைகள் படம் வரையும் மென்பொருள். "உனக்க மவ பென்சில் பிடிக்கதுக்கு முன்ன மவுஸ் பிடிப்பா, பாரு" என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது.

நீக்குவது எளிது. கை வரவில்லை. முடித்துவிடச் சொல்லிக் கட்டளை கொடுத்தேன். கெட்டுப்போன துணைக் கோப்பு ஒன்றை மறுபடி இறக்கத் தொடங்கியது. பாதி வந்திருக்கும், திரை கறுத்துப்போனது.

பேட்டரி செத்த லேப்டாப் அது. சார்ஜரில் மட்டுமே ஓடும். ஹாலில் இருப்பது ஒரே பிளக். இருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் இருக்கும் சிவப்பு பல்பைப் போட அம்மா சார்ஜரைப் பிடுங்கியிருந்தாள்.

"ஏம்மா பிடுங்குன!" என்று கத்திவிட்டேன்.

"செபமாலைக்கு வெளக்கு போடண்டாமா? கொஞ்ச நேரம் கரண்டு இல்லேன்னா ஒனக்க பெட்டி செத்தா போவும்?"

சொன்ன வாயை அம்மா தானே பொத்திக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அவனும் அண்ணைக்கி இப்பிடித்தான் கத்துனான். சோறு திங்காம வண்டிய எடுத்துட்டுப் போனான். நான் பிடுங்குனதுல என்னட்டி கெட்டுது?"

அவன் நிறுவலை எது அறுத்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உண்மையிலேயே தெரிந்ததா? கரண்டு கட்டாகியும் அறுபட்டிருக்கலாம். இன்னொரு நாள் நடந்ததாகவும் இருக்கலாம்.

"ஒண்ணும் கெடல்லம்மா. நெட்டு போயிருக்கும். பிளக்க எடுத்தா ஒண்ணும் ஆவாது."

"ஆவாதுன்னா நீ எதுக்குக் கத்துன?"

குழந்தை அழுதது போலிருந்தது. அழவில்லை, ஆனாலும் எழுந்து போய்ப் பார்த்தேன்.

திரும்பி வந்தபோது பல்பு அணைந்திருந்தது. சார்ஜர் பிளக்கில் இருந்தது. அம்மா மெழுகுவர்த்தி கொளுத்தி முழங்காலில் நின்றாள். நான் மறுபடி தொடக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். திரையில் வரிகள் இறங்க இறங்க அவள் குரல் மங்களவார்த்தை செபத்தை நடுவில் விட்டு விட்டுச் சொன்னது. அவன் மென்பொருள் முழுதாக ஏறியது, பிறகு என்னுடையதும்.

"முடிஞ்சுதா மக்கா?" என்றாள் திரும்பாமல்.

"முடிஞ்சுதும்மா."

அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை. அன்றே உண்மையைச் சொல்லியிருந்தால் ஒருமுறை அழுது தீர்த்திருப்பாளோ, அல்லது அதையே சுமந்துகொண்டிருப்பாளோ? இப்போதும் அம்மா ஏதாவது கேட்க வாயெடுத்தால், அதுதானோ என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது.