இடது காதில் நடந்தவர்

"மேடம், இதுக்குள்ள யாரோ நடக்கறாங்க."

கடையைத் திறந்து ஊதுபத்தி கூட ஏற்றவில்லை. இப்படிச் சொல்லிக்கொண்டே ஒருவர் பெரிய ஹெட்செட் ஒன்றை என் மேஜையில் வைத்தார். செங்கம் ரோட்டில் ஆடியோ சர்வீஸ் கடை நடத்துகிறவளுக்கு வினோதமான கஸ்டமர்கள் புதிதில்லை. தியானத்துக்கு வருகிறவர்களின் ஹெட்போன்கள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. கிழிந்த குஷன், செத்த பேட்டரி, மழையில் ஊறிய மைக் எல்லாம் பார்த்தாயிற்று. ஆனால் இவர் முகத்தைப் பார்த்ததும் கிண்டல் செய்யத் தோன்றவில்லை. மனுஷன் பல நாள் தூங்காதவர் போல இருந்தார்.

பெயர் பிரபாகர். ஹெலிகாப்டர் பைலட். சொந்த ஊர் ஆரணிப் பக்கம். தியானத்துக்காக லீவு போட்டுவிட்டு வந்து பக்கத்துத் தெரு கெஸ்ட் ஹவுஸில் தங்கியிருந்தார். அதன் ஓனர் சந்திரசேகரும் கூடவே வந்திருந்தார். அவர் எனக்குப் பழக்கம். அவர் வீட்டு டிவி ரிமோட் முதல் மைக் செட் வரை எல்லாம் என் கைக்குத்தான் வரும்.

ஹெட்செட் விமானிகள் போடுகிற வகை. வயர்லெஸ், நாய்ஸ் கேன்சலிங். வெளியே இருந்து வரும் இரைச்சலுக்கு நேர் எதிரான சத்தத்தை உள்ளேயே உண்டாக்கி இரைச்சலை அடித்துவிடும். அதற்காக ஒவ்வொரு கப்புக்குள்ளும் காதைப் பார்த்தபடி ஒரு குட்டி மைக் இருக்கும். பாட்டு கேட்கிற நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போனிலும் இதே ஏற்பாடுதான், இது கொஞ்சம் பெரிய இடத்துப் பிள்ளை.

"எப்படிக் கேக்குது சார்?"

"வெறுங்காலோட, ஈரத் தரையில நடக்கற மாதிரி. ஸப், ஸப்னு. எனக்குப் பின்னாடி, இடது பக்கமா. நான் படி ஏறினா அதுவும் வேகமா வருது. நான் நின்னா மெதுவாவுது. ஆனா நிக்கறதில்ல."

பௌர்ணமிக்கு லட்சம் பேர் வெறுங்காலோடு மலையைச் சுற்றுகிற ஊர் இது. அந்தச் சத்தத்தை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பட்டப்பகலில், வாசலில் ஆட்டோக்காரர்கள் சவாரிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது, எனக்குப் பிடரி சில்லிட்டது.

"அடுத்த வாரம் டியூட்டில சேரணும் மேடம். இது ஓடிட்டிருந்தா டவர்ல பேசறது காதுல விழாது. எப்படியாவது சரி பண்ணிக் குடுங்க."

இயந்திரத்தை விசாரித்தது

பேயாகவே இருந்தாலும் சோதிப்பதற்கு ஒரு வரிசை உண்டு என்பது என் கொள்கை. முதலில் ப்ளூடூத். பழைய போன் ஏதாவது தானாக கனெக்ட் ஆகிறதா என்று பார்த்து, ஜோடி சேர்ந்திருந்த எல்லாவற்றையும் அழித்தேன். சத்தம் போகவில்லை. பேட்டரியை மாற்றினேன். போகவில்லை. குஷனில் காற்று கசிந்தால் கேன்சலிங் சர்க்யூட் தடுமாறி 'தும் தும்' என்று அடிக்கும், அதனால் புது குஷன் போட்டேன். அவர் மாட்டிக்கொண்டு தலையை ஆட்டினார். "இருக்குதுங்க. இப்ப இன்னும் பக்கத்துல வந்துட்டாரு."

சத்தத்தை 'அது' என்பதை விட்டுவிட்டு 'அவர்' என்று பேச ஆரம்பித்திருந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை.

நானே மாட்டி சுவிட்சைப் போட்டேன். ரோடு அப்படியே செத்துப்போனது. பஸ் சத்தமில்லாமல் போனது, பூக்காரம்மா வாயை மட்டும் அசைத்தாள். காத்திருந்தேன். யாரும் வரவில்லை.

இடது கப்பைத் திறந்து, உள்ளே இருந்த குட்டி மைக்கிலிருந்து ஒரு வயர் எடுத்து என் மேஜை ஆம்ப்பில் கொடுத்தேன். அந்த மைக் கேட்பது இனி ஸ்பீக்கரில் எங்கள் எல்லோருக்கும் கேட்கும். ஹெட்செட்டைச் சும்மா மேஜையில் வைத்தேன். வெறும் இரைச்சல்தான். என் தலையில் மாட்டினேன். அதேதான். அவர் தலையில் மாட்டினேன்.

ஸ்ஸப். ஸ்ஸப். ஸ்ஸப்.

மேஜைக்கு நடுவில் யாரோ நடந்தார்கள். சந்திரசேகர் எழுந்து நின்றுவிட்டார். பிரபாகர் என்னைப் பார்த்து, "உங்களுக்கும் கேக்குதா?" என்றார். அழுதுவிடுவார் போல இருந்தது. நான் தலையாட்டினேன். அவர் பயத்தில் ஸ்பீக்கரின் நடை வேகம் எடுத்தது.

இடம் மாற்றிப் பார்த்தது

எங்கள் தொழிலின் பாலபாடம் இது. இடது வலது சந்தேகம் வந்தால் இடம் மாற்றிப் போடு, கோளாறு எதன் பின்னால் போகிறது என்று பார். இதை முதலிலேயே செய்திருக்கலாம். இந்த வகையில் பேசும் மைக் இடது கப்போடு சேர்ந்தே இருப்பதால் யாரும் திருப்பி மாட்டுவதில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஹெட்செட்டை முன்பின்னாகத் திருப்பி அவர் தலையில் வைத்தேன். பேசும் மைக் பிடரிப் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. வயர் கொடுத்த கப் இப்போது வலது காதில்.

ஸ்பீக்கர் அடங்கிவிட்டது.

"நின்னுடுச்சா சார்?"

"இல்லீங்க. அதே இடத்துலதான் நடக்குது. இடது பக்கம்."

கப் மாறியும் சத்தம் மாறவில்லை. ஹெட்செட்டை மறுபடி நேராக்கிவிட்டு, அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். ஸ்பீக்கரில் ஒரு அடி, என் விரலுக்குக் கீழே ஒரு துடிப்பு. இன்னொரு அடி, இன்னொரு துடிப்பு. பின்னால் நடந்துகொண்டிருந்தது அவருடைய ரத்தம்.

"மிஷின்ல ஒன்னும் இல்லல்ல?" என்றார் சந்திரசேகர். அவர் கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. "அப்ப இது நாதம்ங்க மேடம், தியானத்துல உள்ளுக்குள்ள கேக்கற தெய்வ ஒலி. இதுக்காகத்தான் ஜனங்க வருஷக்கணக்கா கண்ண மூடிட்டு உக்காந்திருக்காங்க. சார் குடுத்து வெச்சவரு."

நான் பிரபாகரைப் பார்த்தேன். "ஹெட்செட் இல்லாம எப்பவாவது கேட்டிருக்கா சார்?"

அவர் தலை குனிந்தது. "தியானத்துல கேக்குதுங்க. அது வேறன்னு நெனச்சேன்."

இந்த ஊருக்கு வந்தால்தான் இப்படி ஒரு தப்பு நடக்கும். ஒரே சத்தம், தியானத்தில் கேட்டால் வரம், ஹெட்செட்டில் கேட்டால் ரிப்பேர்.

"ஹெட்செட் ஃபால்ட்டுனு சொல்லிடுங்க மேடம்," என்றார் கெஞ்சலாக. "புதுசு வாங்கிக்கறேன். டாக்டர்கிட்ட போனா பறக்க விடாம என்னைத் தரையில உக்கார வெச்சிடுவாங்க. எனக்கு வேற ஒன்னும் தெரியாதுங்க."

ஒருவருக்கு வரம் என்று சொல்ல வேண்டும், ஒருவருக்கு ரிப்பேர் என்று சொல்ல வேண்டும். எனக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் பயம்தான் ஜாஸ்தி.

"ஹெட்செட் நல்லா இருக்கு சார். நான் டாக்டர் இல்ல, ஆனா காதுக்குள்ள ரத்தம் இவ்ளோ சத்தம் போடக்கூடாதுனு தெரியும். தலைய ஸ்கேன் எடுங்க. நாதமா இருந்தா அதுல தெரியாது, திரும்பி வந்து நிம்மதியா உக்காருங்க. உங்கள நம்பிப் பின்னாடி ஏறி உக்காருறவங்களையும் கொஞ்சம் நெனச்சுப் பாருங்க."

பிரபாகர் ஹெட்செட்டை எடுத்துக்கொண்டு போனார். ஸ்பீக்கரை அணைத்த பிறகும் அன்று முழுக்க என் பின்னால் யாரோ நிற்பது போலவே இருந்தது. சாயங்காலம் சீக்கிரமே ஷட்டரை இழுத்துவிட்டேன். அதற்குப் பிறகு பேப்பரில் ஹெலிகாப்டர் என்ற சொல்லைப் பார்த்தால் பைலட் பெயரைத்தான் முதலில் தேடினேன்.

திரும்பி வந்தது

சில மாதம் கழித்து பிரபாகர் வந்தார், மனைவியோடு. இடது காதுக்குப் பின்னால், மூளையின் உறையில், சேரக்கூடாத இரண்டு ரத்தக் குழாய்கள் சேர்ந்துகொண்டிருந்ததாம். எப்போது வேண்டுமானாலும் வெடித்திருக்கலாம் என்றார்களாம். தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டு அந்த இணைப்பை அடைத்திருக்கிறார்கள். மறுபடி பறக்க விடுவார்களா என்பது மெடிக்கல் போர்டு கையில் இருந்தது.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பொருளில் கோளாறு இல்லை என்று தெரிந்தால் வேலை முடிந்தது என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். கஸ்டமர் ஒரு சத்தத்தைக் கேட்டேன் என்றால் அது எங்கேயோ இருக்கிறது. எங்கே என்று காட்டாமல் அனுப்பாதீர்கள்.

மனைவி பக்கத்துக் கடைக்குத் தண்ணீர் வாங்கப் போன நேரம், அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அது நின்ன அன்னைக்கு அழுதுட்டேன் மேடம். கூடவே இருந்தவரு போயிட்ட மாதிரி இருந்துச்சு. இப்ப கண்ண மூடினா யாருமே இல்ல."

"கூட வந்தவரு உங்களக் கூட்டிட்டுப் போக வந்தவரு சார்," என்றேன்.

அவர் மெதுவாகத் தலையைத் திருப்பி, இடது தோளுக்குப் பின்னால் பார்த்தார்.