சந்தனம் பூசிய லேசர்

என் வீட்டுக்காரருக்கு மூத்திரம் அடைத்துக்கொண்டு, டியூப் போட்டிருந்தார்கள். இதயத்துக்காக ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவர். பழைய முறையில் புராஸ்டேட்டைச் சுரண்டினால் ரத்தம் நிற்காது, லேசர்தான் வழி என்று செங்கல்பட்டுப் பக்கம் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மாமல்லபுரத்துக்கு வேன் ஓட்டின மனுஷன், மூத்திரப் பையோடு வீட்டுக்குள் முடங்கிவிட்டார். திருப்போரூரில் பேரனுக்கு மொட்டை போட்டபோதுகூட வரவில்லை.

லேசர் மெஷினை யாரோ புண்ணியவான் வாங்கிக் கொடுத்தாயிற்று. ஆனால் திறந்துவைக்க ஒரு பெரியவருக்கு நேரம் கிடைக்கவில்லையாம். அதுவரை துணி போர்த்தி வைத்திருந்தார்கள். நோயாளிக்குத்தான் வேறு வேலைவெட்டி கிடையாதே, காத்துக்கிடக்கட்டும்!

ஒருவழியாக அந்த மகராசன் வந்தார். மறுநாள் முதல் ஆபரேஷன் என் வீட்டுக்காரருக்கு என்பதால் எங்களையும் முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். ஆயுத பூஜைக்கு பஸ் ஸ்டீயரிங்குக்கே பொட்டு வைக்கிற ஊர், லேசரை விடுமா? ஆஸ்பத்திரி நிர்வாகி, குழைத்த சந்தனத்தைத் திரையில் வைத்தார், சுவிட்சில் வைத்தார், கடைசியில் லேசர் இழை செருகுகிற ஓட்டையிலும் விரல் விட்டு அப்பினார். தடுக்க வேண்டிய டாக்டரோ பெரியவருக்குப் பன்னீர் தெளிப்பதில் மும்முரமாக இருந்தார்.

மறுநாள் பச்சை அங்கி மாட்டி உள்ளே கூட்டிப்போனவரை, போன வேகத்தில் திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஓட்டைக்குள் சந்தனம் காய்ந்துவிட்டதாம். சென்னையிலிருந்து இன்ஜினியர் வரணுமாம்.

"பொட்டு வெக்கிற எடமாய்யா அது? படிச்சவங்கதானே நீங்க?" என்று கத்தினேன்.

"யாரோ கண்ணு பட்டுடுச்சும்மா," என்றார் நிர்வாகி, கொஞ்சமும் கூசாமல். "ஒரு பூசணிக்கா உடைச்சிட்டு ஆரம்பிச்சிடலாம்."

"அத்த ஒன் தலையில ஒடைச்சிக்கோ!"

இன்ஜினியர் வந்து சரிசெய்த பிறகு ஆபரேஷன் நடந்தது. நன்றாகவே செய்தார்கள், இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். டியூபை எடுத்த அன்று, தானாக மூத்திரம் போனால் வீடு, இல்லாவிட்டால் மறுபடியும் டியூப் என்றார்கள். கழிவறைக்குள் போனவர் வரவேயில்லை. கதவைத் தட்டினேன்.

"இன்னாங்க, போவுதா?"

உள்ளே விசும்பல் கேட்டது. "போவுதுடி... போய்கினே கீது."

கதவிலேயே சாய்ந்து அழுதுவிட்டேன். அந்த நேரம் பார்த்து நிர்வாகி வந்து, மெஷின் பக்கத்தில் இவர் கைகூப்பி நிற்கிற மாதிரி ஒரு போட்டோ வேண்டும், பெரியவருக்கு அனுப்பணும் என்றார்.

"ஒங்க பெரியவர காத்துகினு இருக்கச் சொல்லுய்யா," என்றேன். "எங்க வூட்டுக்காரரு முக்கியமான வேலையா கீறாரு."