எங்கள் தெருவில் குடியிருக்கும் பூதம்

பழைய டிவி நாடகங்களில் வீட்டுக்குள்ளே ஒரு பூதத்தை வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாமல் வருஷக்கணக்கில் குடும்பம் நடத்துவார்களே, அது நடக்கிற காரியமா என்று என்னிடம் கேட்காத ஆள் கிளியனூரில் இல்லை. நான் கேபிள்காரன். நாடகத்தில் மாமியார் செத்தாலும் என்னைத்தான் கேட்பார்கள், மழையில் படம் புள்ளி புள்ளியாக வந்தாலும் என்னைத்தான் கேட்பார்கள்.

கேள்வி என்னவோ நியாயமானதுதான். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் கருவாடு வறுத்தால் நாலாவது வீட்டில் சோறு வடிப்பார்கள். மருமகள் முகத்தைச் சுளித்தால் பொழுது சாய்வதற்குள் திண்டிவனத்தில் இருக்கிற அவள் அம்மாவுக்குச் சேதி போய்விடும். இந்த லட்சணத்தில் எட்டடிப் பூதத்தைப் பின்கட்டில் ஒளித்து வைப்பார்களாம். எதிர்வீட்டுக் கோவிந்தம்மாள் அந்தக் காலத்திலேயே இதை ஒத்துக்கொள்ளவில்லை.

"பூதம்னே வெச்சிக்க. அதுக்குத் துணி யாரு தோய்க்கிறது? சிலிண்டர் போடறவன் கண்ணுல படாதா? ஓட்டு கேக்க வர்றவன் பின்கட்டு வரைக்கும் வருவானே! அத்த உடு, காலையில எழுந்தா அது எங்க போயி குந்தும்?"

ஆனாலும் ஒளித்து வைக்க முடியும் என்று நான் அடித்துச் சொல்வேன். ஏனென்றால் எங்கள் தெருவிலேயே ஒரு பூதம் குடியிருக்கிறது. அதன் பெயர் ஞானராஜ்.

ஞானராஜண்ணன் ஐந்தடிக்குக் கொஞ்சம் அதிகம். மாதா கோயில் தேர் வரும்போது எக்கி எக்கிப் பார்த்தாலும் முன்னால் நிற்பவன் முதுகுதான் அவருக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் திண்டிவனம் மண்டியில் வேர்க்கடலை மூட்டை, எங்கள் பேச்சில் மல்லாட்டை மூட்டை, தூக்கிக்கொண்டிருந்தார். பிறகு யாரோ சொல்லி, சென்னையில் அப்படிப்பட்ட ஒரு டிவி நாடகப் படப்பிடிப்புக்குச் சாமான் ஏற்றி இறக்குகிற வேலைக்குப் போனார். அந்த நாடகத்தில் பூதமாக நடிக்க ஒரு பயில்வானை வைத்திருந்தார்கள். ரப்பரும் சணலும் சேர்த்துத் தைத்த உடுப்பு. சித்திரை வெயிலில் அதற்குள் நுழைந்த பயில்வான், முழங்கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டான். மானேஜர் சுற்றுமுற்றும் பார்த்தார். அந்த வெயிலில் பீரோவைத் தூக்கிக்கொண்டு தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்த ஒரே ஆள் நம் அண்ணன். பிடித்து உள்ளே இறக்கிவிட்டார்கள். பூதத்தின் தலை அவர் தலைக்கு மேலே தனியாக நின்றது. அவர் பூதத்தின் தொண்டை ஓட்டை வழியாக உலகத்தைப் பார்த்தார்.

நடந்தார், உறுமினார். டைரக்டர் கை தட்டினாராம். அதுவரை அண்ணனுக்கு யாரும் கை தட்டியதில்லை. மூட்டை தூக்குகிறவனுக்கு எவன் கை தட்டுவான்?

வீட்டில்தான் சொல்ல முடியவில்லை. அண்ணி அருள்ராணியின் அப்பா மாதா கோயில் உபதேசியார். பேய் பிசாசை விட்டு விலகுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற மனிதரிடம், உங்கள் மாப்பிள்ளை பூதமாக உத்தியோகம் பார்க்கிறான் என்று எந்த வாயால் சொல்வது? செருப்புக் கம்பெனியில் சூப்பர்வைசர் என்று சொல்லிவிட்டார். மேலெல்லாம் ரப்பர் வாடை அடித்ததற்கும் அது பொருத்தமாகவே இருந்தது. முதுகு முழுக்க வேர்க்குரு. அண்ணி நுங்குத் தண்ணீரைத் தடவிவிட்டுக்கொண்டே, "இன்னா கம்பெனியோ, ஒரு ஃபேனு கூட இல்லாம" என்று முதலாளியைத் திட்டுவார்.

நாடகம் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தது. தெருவில் பாதிப் பேர் என் வீட்டில்தான் பார்ப்பார்கள். முதல் ஞாயிறு அண்ணன் பயந்துகொண்டு சென்னையிலேயே தங்கிவிட்டார். திரையில் பூதம் தோட்டக்காரனைப் பிடித்து இடது கையில் தூக்கியது. வாயில் போடுவதற்கு முன்னால் வலது கை நகங்களைக் குவித்து நெற்றியைத் தொட்டது, நெஞ்சைத் தொட்டது, நடுவில் காதை ஒரு சொறி சொறிந்தது, பிறகு இரண்டு தோளையும் தொட்டது. அதன்பிறகுதான் தின்றது.

சாப்பாட்டுக்கு முன்னால் சிலுவை போட்டுக்கொள்வது அண்ணனுக்குச் சின்ன வயதிலிருந்து கை தானாகச் செய்கிற வேலை. டைரக்டர் அதைப் பூதத்தின் ஸ்டைல் என்று நினைத்து, ஒவ்வொரு தடவையும் செய்யச் சொல்லிவிட்டாராம். அவருக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியாதா? சிலுவைக்கு நடுவில் காதைச் சொறிகிற மனிதர் இந்த ஜில்லாவிலேயே ஒருவர்தான்.

எல்லோர் தலையும் மெதுவாக அண்ணி பக்கம் திரும்பியது. அண்ணி வாயில் இருந்த மல்லாட்டையை மென்று விழுங்கிவிட்டு எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"என் மூஞ்சியில இன்னா இருக்குது? டிவியப் பாருங்க."

அவ்வளவுதான், அதுதான் சட்டம். வீட்டுக்காரியே வாயைத் திறக்காதபோது தெருவுக்கு என்ன? கருவாட்டு வாசனையைக்கூட அடக்கத் தெரியாத எங்கள் தெரு, இந்த ஒன்றை விழுங்கி ஏப்பம்கூட விடவில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

கொஞ்ச நாளில் அண்ணனுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. ஞாயிறு லீவு எடுத்துக்கொண்டு வந்து எங்களோடேயே உட்கார்ந்து பார்ப்பார். "இந்தப் பூதம் இன்னாமா நடிக்கிறான் பாத்தியா சக்கரபாணி?" என்பார். "நடிக்கிறானா? அது நெஜப் பூதம்ண்ணா" என்பேன். மனிதர் பூரித்துப் போவார். கோவிந்தம்மாளுக்குத்தான் நாக்கு நிற்காது. ஒருநாள் "பூதத்துக்குக் காலு ரொம்பக் குட்டை" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு அண்ணன் சாப்பிடவில்லை. அடுத்து வந்த வாரங்களில் பூதம் குதிகாலைத் தூக்கியே நடந்தது.

நாடகம் முடிந்தது. அண்ணன், செருப்புக் கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டு மறுபடி மண்டிக்குப் போனார். கடைசியில் பொம்மையார்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வாட்ச்மேன். இப்போது முட்டி தேய்ந்து வீட்டோடு இருக்கிறார்.

இப்படியே போயிருக்கும். யாரோ புண்ணியவான் அந்த நாடகத்தை மத்தியான நேரத்தில் மறுபடி ஒளிபரப்ப ஆரம்பித்தான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிலுவை போடுகிற பூதத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பார்களா? அந்தக் காட்சி போனுக்குப் போன் பறந்தது. சென்னையில் யூடியூப் சேனல் நடத்துகிற அஸ்வினி என்ற பெண், பழைய லைட்மேன் ஒருவரைப் பிடித்து ஊரைக் கண்டுபிடித்து, என் நம்பரையும் கண்டுபிடித்து, ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னாள்.

அண்ணனிடம் சொன்னேன். என்னைக் கேபிள் ரூமுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்.

"சக்கரபாணி, உன்னாண்ட ஒரு ரகசியம் சொல்லப்போறேன். பதறக் கூடாது. அந்தப் பூதம் நான்தான்."

நான் என்ன நடிகனா? முடிந்தவரை கண்ணை உருட்டினேன். "ஐயோ அண்ணா!"

"கத்தாத! அருளுக்குத் தெரிஞ்சா தொலைஞ்சேன். செருப்புக் கம்பெனின்னு இன்னிக்கு வரைக்கும் நம்பிக்கினு இருக்கறா. பொய் சொல்லிக் குடும்பம் பண்ணவன்னு ஆயிடும். இந்த வயசுல அவ மூஞ்சியத் திருப்பிக்கினா நான் எங்கப்பா போவேன்?"

சொல்லும்போதே அழுதுவிட்டார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அது என் உண்மை இல்லையே. நேரே அண்ணியிடம் போனேன். அவருக்கு வேறு கவலை.

"நமக்குத் தெரியும்னு அந்த ஆளுக்குத் தெரியவே கூடாது சக்கரபாணி. உலகத்தையே ஏமாத்திட்டோம்னு கெத்தா இருக்குது. அதையும் புடுங்கிக்கினா இன்னா பண்ணும் பாவம்? வர்றவங்கள ஜல்தியா அனுப்பிடு."

பெண்டாட்டிக்குத் தெரியக் கூடாது என்று புருஷன். தெரியும் என்று தெரியக் கூடாது என்று பெண்டாட்டி. நடுவில் நான். இதைவிடப் பேஜார் பிடித்த ஞாயிற்றுக்கிழமை என் வாழ்க்கையில் வந்ததில்லை.

அஸ்வினி கேமராக்காரனோடு வந்து இறங்கினாள். தெருவே வாசலுக்கு வந்தது. அண்ணன் வீட்டுக்குள் கதவை ஒருக்களித்துவிட்டு நின்றார். அண்ணி வாசற்படியில் நின்றார்.

"பூதமா?" என்றாள் கோவிந்தம்மாள். "இது குடியானவங்க தெரும்மா. அந்த மாதிரி இங்க யாரும் கிடையாது."

"இருந்தா எங்களுக்குத் தெரியாதா?" என்றேன் நான்.

அஸ்வினி சோர்ந்து போனாள். "அவர் தவறிட்டாருன்னு ஒருத்தர் சொன்னாரு. அதுதான் உண்மை போல. சரி, அஞ்சலி வீடியோவா போட்டுடறோம்."

கதவு படாரென்று திறந்தது. லுங்கியும் பனியனுமாக அண்ணன் வெளியே வந்தார்.

"யாரும்மா செத்தது? நான்தான் பூதம்!"

அஸ்வினி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஐயா, அந்தப் பூதம் எட்டடி."

"தலை வேறம்மா. நான் தொண்டையில இருந்தேன்!"

சொன்ன பிறகுதான் பக்கத்தில் அண்ணி நிற்பதைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. "அருளு... அந்தச் செருப்புக் கம்பெனி வந்து..."

"தெரியும்யா" என்றார் அண்ணி.

"எப்போலேர்ந்து?"

"மொத வாரத்துலேர்ந்து. சிலுவை போட்டுட்டு மனுசனத் தின்ற பூதம் உலகத்துல எங்க இருக்குது?"

அண்ணன் தெருவைப் பார்த்தார். கோவிந்தம்மாள் சாக்கடையில் எதையோ தேட ஆரம்பித்தாள். நான் கம்பத்தில் என் ஒயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எல்லாருக்குமா?" என்றார். "அப்ப இத்தினி வருஷமா நான் யாருகிட்டதான்யா ஒளிஞ்சிக்கினு இருந்தேன்?"

படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அஸ்வினி நல்ல பெண், கேமராவை இறக்கச் சொல்லிக் கை காட்டினாள். அண்ணி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மூட்டை தூக்கறப்போ நீ ஊட்டுக்கு வந்தா செவுத்தப் பாத்துக்கினு சாப்புடுவ. பூதமாப் போன காலத்துலதான் சிரிச்சிக்கினே பஸ்ஸ உட்டு எறங்குவ. தெரியும்னு சொன்னா வெக்கப்பட்டு வேலைய உட்டுடுவ. எனக்கு அந்தச் சிரிப்பு வேணும்யா. அதான் நானும் செருப்புக் கம்பெனியே கதின்னு இருந்துட்டேன்."

அண்ணன் அண்ணி பக்கம் திரும்பினார். பொய்யைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறார், மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"நடிப்பு எப்படி இருந்திச்சி?" என்று கேட்டார்.

"அந்தத் தோட்டக்காரனத் தின்ன அன்னிக்கு, நீதான்னு தெரிஞ்சும் எனக்கு மெய்யாலுமே பயம் வந்துடுச்சி."

அதைக் கேட்டபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அஸ்வினி தயங்கித் தயங்கி, "ஐயா, ஒரு தடவை நடந்து காட்ட முடியுமா?" என்றாள். முட்டி ஒத்துழைக்காது என்றார் அண்ணன். அண்ணி எழுந்து தோளைக் கொடுத்தார். அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கினார், ஒரு அடி வைத்தார், அடிவயிற்றிலிருந்து உறுமினார். கோவிந்தம்மாள்தான் முதலில், "ஐயையோ, பூதம்!" என்று அலறிக்கொண்டு புடவையைத் தூக்கிப் பிடித்து ஓடினாள். அவள் பின்னால் தெருவே அலறிக்கொண்டு ஓடியது. நானும் ஓடினேன்.