மூச்சுக்கு இடம்

அப்பா முப்பத்தொரு வருடம் டீசல் டேங்கர் ஓட்டினார். துறைமுகத்தில் நிரப்பி, மலை மேல் இருக்கும் கல்குவாரியில் கொண்டுபோய் இறக்குவார். அங்கே கல் சுமக்கும் லாரிகள் அந்த டீசலைக் குடித்துத்தான் ஓடின. அவர் இறந்து நான்கு மாதம் ஆகிறது. தேதியையும் காரணத்தையும் படிவங்களில் எழுதிக் கொடுத்துவிட்டேன். படிவத்தில் இடம் இல்லாததை இங்கே எழுதுகிறேன்.

நான் பேட்டரி பொறியாளர். எங்கள் கம்பெனி முதலில் பேட்டரியில் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார் செய்தது. அதில் ஒன்று ஒருநாள் அவருடைய டேங்கரைத் தாண்டிப் போயிருக்கிறது.

"ஹார்ன் இல்ல, சத்தம் இல்ல. பூனை மாதிரி பக்கத்துல வந்தான். திரும்பிப் பாக்குறதுக்குள்ள ஆளக் காணோம்" என்றார். "பணக்காரன் விளையாட்டு சாமான். நம்ம வயித்துல அடிக்காது."

பிறகு நாங்கள் பேட்டரி லாரி செய்தோம். குவாரி பன்னிரண்டு வாங்கியது. டீசல் லாரியே இல்லாத குவாரிக்கு டேங்கர் எதற்கு?

செய்தியை நான்தான் வீட்டில் சொன்னேன். அப்பா ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு கால் முடிந்திருந்தது.

"பெத்த பொண்ணே அப்பன் பொழப்புக்கு ஃபுல் ஸ்டாப் வச்சுட்டா" என்றாள் அம்மா, தட்டைத் துடைத்தபடி. விளையாட்டாகத்தான். யாரும் சிரிக்கவில்லை.

அப்பா அடுத்த காலுக்கும் லேஸ் கட்டினார். "அந்த லாரிக்கும் டிரைவர் வேணும்ல?"

வேண்டும். சோதனை ஓட்டம் வைத்தார்கள். குவாரியில் கல் ஏற்றி, இருபது கிலோமீட்டர் மலைப்பாதை இறங்கி, துறைமுகம் சேர வேண்டும். அவருக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. தேறினால் வேலை, இல்லாவிட்டால் வீடு.

அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. தன் வண்டிக்கு டேங்க் ஃபுல்லாக இல்லாமல் மலைப்பாதையில் சக்கரம் வைக்க மாட்டார். அன்றும் குவாரி சார்ஜரில் நூறு காட்டும்வரை காத்திருந்துவிட்டுத்தான் கிளம்பினார்.

முதல் வளைவு தாண்டியதும் எனக்கு போன் வந்தது. நான் கீழே துறைமுகத்தில், குவாரி மேனேஜர் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"வண்டிய ஓரங்கட்டிட்டேன். ஆக்சிலரேட்டர்ல இருந்து கால எடுத்தா தானா இழுத்துப் பிடிக்கும்னு சொன்னியே, பிடிக்கவே மாட்டேங்குது. வெறும் பிரேக்க நம்பி இவ்வளவு தூரம் இறங்கினா பிரேக் வெந்துடும்."

"சார்ஜ் எவ்வளவுப்பா?"

"ஃபுல்லு."

புரிந்துவிட்டது. இறங்கும்போது மோட்டார் வண்டியை இழுத்துப் பிடிக்கும். அதில் பிறக்கும் மின்சாரம் பேட்டரிக்குள் போகும். பேட்டரி நிரம்பியிருந்தால் மின்சாரம் போக இடமில்லை. பிடியும் இருக்காது.

"மேனுவல்ல இருக்குப்பா. நாப்பத்தொன்னாம் பக்கம்."

"அந்தப் பக்கத்தத் தேடி எடுக்குறதுக்குள்ள நான் பள்ளத்துல கிடப்பேன்டி."

பேட்டரிக்குள் இடமில்லாததுதான் காரணம் என்றேன். "அடச்சே" என்றார். "இத வண்டிக்கு ஊத்துற டீசல் டேங்க்னு நெனச்சுட்டேன். இது பின்னாடி நாங்க ஏத்திட்டுப் போற டேங்க் மாதிரி. அதுல கழுத்து வரைக்கும் ஊத்தினா வெயில்ல பொங்கிடும். மூச்சுக்கு இடம் விடணும். தினமும் பண்ணதுதானே, எனக்கு ஏன் தோணாம போச்சு!"

வண்டியைத் திருப்பி மேலே ஏறினார். குவாரியின் உள்சாலையில் கல்லோடு சுற்றிச் சுற்றி வந்து, எண்பதுக்குக் கொண்டுவந்த பிறகு இறங்கினார். இரண்டேகால் மணி நேரத் தாமதம்.

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். "என்ன டேங்கர், வழியில தூங்கிட்டீங்களா?"

"என் தப்புதான் சார். ஃபுல்லா போட்டுட்டேன்" என்றார் அப்பா. என் பக்கம் திரும்பவே இல்லை. அந்தக் கையேட்டை எழுதியது நான் என்று அவருக்குத் தெரியும், மேனேஜருக்குத் தெரியாது.

சோதனைப் படிவத்தில் 'தாமதத்துக்கான காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்புவது என் வேலை. 'கையேட்டின் குறை. முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய எச்சரிக்கை நாற்பத்தொன்றாம் பக்கத்தில் உள்ளது. கையேட்டை எழுதியவர்: நான்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் அப்பா கேட்டார். "உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாதே?"

"திட்டுவாங்க."

"வாங்கிக்கோ."

எனக்குத் திட்டு கிடைத்தது. அவருக்கு வேலை கிடைத்தது. மூன்று வருடம் அந்த லாரியை ஓட்டினார். நான் எச்சரிக்கையை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தேன்: 'மலை மேல் எண்பது சதவீதத்துக்கு மேல் சார்ஜ் செய்யாதீர்கள்.' யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

போன வாரம் வேலையாகக் குவாரிக்குப் போயிருந்தேன். சார்ஜரில் நின்ற ஒருவரைப் பார்த்துப் பின்னால் காத்திருந்த டிரைவர் கத்தினார்.

"என்னண்ணே, மூச்சுக்கு விட்டாச்சா?"

"எழுபத்தெட்டுலயே நிறுத்திட்டேன். தாராளமா விட்டாச்சு."

இருவருமே அப்பாவுக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு, எதை அளக்க வந்தேன் என்பது நினைவுக்கு வரும்வரை நின்றிருந்தேன்.

ஆபீஸ் திரும்பியதும் கையேட்டைத் திறந்தேன். முதல் பக்கத்தில் என் வாக்கியத்தை அழித்துவிட்டு அவருடையதைப் போட்டேன். மூச்சுக்கு இடம் விடணும். 'விட வேண்டும்' என்று திருத்தச் சொல்லிக் கேட்டார்கள். திருத்தவில்லை.