பந்து நின்றால்தான் டைம் அவுட்

பாஸ்கெட்பால் ஆட்டத்தில் எங்கள் பி.டி. மிஸ் டைம் அவுட் கேட்டால் எதிர் டீம் கோச்சுகள் காதைத் தீட்டிக்கொள்வார்கள், ஏதோ பெரிய திட்டம் போடப்போகிறார் என்று. ஒரு மண்ணும் இருக்காது. நாங்கள் மிஸ்ஸைச் சுற்றித் தோளோடு தோள் ஒட்டி நிற்போம். அவர் சத்தமாக, "இடது பக்கம் அடைங்கடி" என்று வாய்க்கு வந்ததைச் சொல்வார். நடுவில் என் சிநேகிதி துண்டுக்குள் முகத்தை விட்டு பம்ப் அடித்துக்கொள்வாள். அவளுக்கு வீசிங். அது வெளியே தெரியக்கூடாது, அதற்குத்தான் அத்தனை டைம் அவுட்டும்.

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆட்டம் பார்த்து இலவச சீட் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். மூச்சுக் கோளாறு என்று தெரிந்தால் கழித்துவிடுவார்கள் என யாரோ கிளப்பிவிட்டதை நாங்கள் அப்படியே நம்பினோம். அவள் அப்பா மாமல்லபுரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். சீட் கிடைக்காவிட்டால் படிப்பு பிளஸ் டூவோடு சரி. எங்களிலேயே நன்றாக ஆடுகிறவள் அவள்தான். அதுதான் வயிற்றெரிச்சல்.

தேர்வு ஆட்டம் அந்தக் கல்லூரி டீமோடுதான். மூடிய அரங்கம், புழுக்கம். கடைசிப் பகுதியில் அவள் தோள் ஏறி இறங்க ஆரம்பித்தது. மிஸ் ஓடிப்போய் ஸ்கோர் மேசையில் டைம் அவுட் கேட்டுவிட்டார். கேட்டால் போதுமா? பந்து நின்றால்தானே கொடுப்பார்கள். எதிர் டீம் பெண்களோ கூடையும் போடவில்லை, பந்தை வெளியே விடவும் இல்லை. தவறியதை அவர்களே பிடித்து மறுபடி சுற்றினார்கள். மிஸ் விரல்களை உள்ளங்கையில் குத்தி டைம் அவுட் சைகை காட்டியபடி தவித்தார். சிநேகிதிக்கு உதடு வெளுத்துவிட்டது.

எனக்கு ஏற்கெனவே நாலு ஃபவுல். இன்னொன்று செய்தால் நான் வெளியே. என் இடத்தில் இறங்க ஆளும் கிடையாது. பந்து அவர்கள் கேப்டனிடம் இருந்தது. அவள் கையைப் பிடித்து இழுத்தேன். விசில் ஊதினார்கள். பந்து நின்றது, டைம் அவுட் கிடைத்தது.

வட்டம் கட்டினோம். சிநேகிதி பம்பை அமுக்கினாள். வெறும் காற்று. மறுபடி அமுக்கினாள். காலி.

"இன்னொன்னு எங்கடி?" என்றார் மிஸ்.

"வூட்ல கீது மிஸ்." அதைச் சொல்லவே அவளுக்கு மூச்சு போதவில்லை.

மிஸ் கேலரியில் உட்கார்ந்திருந்த தேர்வாளர்களை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "தள்ளுங்கடி" என்று வட்டத்தை உடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "யாராச்சும் வீசிங் பம்ப் வெச்சினு கீறீங்களா? எங்க பொண்ணுக்கு மூச்சு வரல."

அரங்கம் முழுக்கக் கேட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று நான் அழுதே விட்டேன்.

எதிர் பெஞ்சிலிருந்து ஒருத்தி ஓடிவந்தாள். நான் கையைப் பிடித்து இழுத்தேனே, அந்தக் கேப்டன். கையில் சிநேகிதியுடையதைப் போலவே ஒரு நீலப் பம்ப். சிநேகிதி பக்கத்தில் மண்டியிட்டு, "மெதுவா இழு" என்று முதுகைத் தடவிக்கொடுத்தாள். கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு திரும்பியது.

"உனக்குமா?" என்று கேட்டேன். "இங்க தெரியுமா?"

அவளுக்கு என் கேள்வியே புரியவில்லை. "தெரியாம இன்னா? மேட்சுக்கு மேட்ச் எங்க கோச்சுதான் கேப்பாரு, பம்ப் எடுத்துகினியான்னு."

மிஸ் பெஞ்சில் உட்கார்ந்து அந்தத் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.