ஹாலில் அளந்த கோல்ஃப் மட்டை

போன வாரம், அண்ணன் கத்தாரிலிருந்து கொண்டுவந்த கோல்ஃப் மட்டைகளில் ஒன்றை எங்கள் தக்கலை வீட்டு ஹாலில் வைத்து வெட்டினேன். ஆமாம்... புத்தம் புதுசு. கல்ஃப் சாமான் என்றால் மேலே சுற்றிய பிளாஸ்டிக் தாளைக்கூடப் பிரிக்காத ஊரில் இதை வெளியே சொல்லலாமா? சொல்லிவிட்டேன்.

அண்ணன் நல்ல உயரம். நான் குள்ளம். தன் உயரத்துக்கு வாங்கி வந்துவிட்டான். மட்டையைப் பிடித்து நின்றால் முனை என் வயிற்றில் இடிக்கிறது. சனிக்கிழமையோ திருவனந்தபுரத்தில் எங்கள் ஆபீஸ் போட்டி. இத்தனை நாள் இரவல் மட்டையில் பழகிய எனக்கு அதுதான் முதல் போட்டி. மேனேஜர் அன்பாகத்தான் சொன்னார், "சேச்சி ஸ்கோர் எழுதியால் மதி." எழுதினால் போதுமாம்! அன்று பஸ்ஸில் வீடு வரும்வரை எனக்குக் கோபம் அடங்கவில்லை.

சரி, எதைக்கொண்டு வெட்டுவது? என் கணவர் கல்லூரியில் கணக்கு வாத்தியார். ஆணி அடிக்க என்னைத்தான் கூப்பிடுவார். யோசனை சொல்வதில் மட்டும் குறைவில்லை. கட்டிங் மெஷினை வாடகைக்கு எடுத்தால் ஒரு நிமிடத்தில் முடியும் என்றார். கை தவறினால் மட்டையும் அதே நிமிடத்தில் முடிந்துவிடுமே!

நானே ஹார்டுவேர் கடைக்குப் போனேன். மட்டைகளில் இரண்டு வகைத் தண்டும் இருந்தது. ஸ்டீல் தண்டுக்கு, பிளம்பர்கள் வைத்திருக்கும் பைப் கட்டர் — தண்டைக் கவ்வவிட்டு, சுற்றிச் சுற்றி இறுக்கினால் வெட்டு நேராக விழும். கார்பன் ஃபைபர் தண்டுக்கு அது ஆகாது; நெரித்து விரிசல் விட்டுவிடும். அதற்கு நெருக்கமான பல் உள்ள ஆக்ஸா பிளேடு. வெட்டும் இடத்தில் டேப் சுற்றவேண்டும், இல்லையென்றால் நார் நாராகப் பிரியும். அந்தத் தூள் நெஞ்சுக்கு ஆகாது என்பதால் ஒரு மாஸ்க். ஓரத்தைத் தேய்க்க ஒரு சின்ன அரம். "வீட்டுல பைப்பு ஒடஞ்சிட்டோ?" என்றார் கடைக்காரர். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

ஹாலில் மட்டையை ஊன்றி நின்று அளந்தேன். இரண்டு விரற்கடை அதிகம். கணவரையும் மறுபடி அளக்கச் சொன்னேன். அதேதான். கைப்பிடி ரப்பரை உரித்து, முதலில் செவன் அயர்னை — நான் அதிகம் நம்பும் மட்டை அது — பைப் கட்டரில் நறுக்கினேன். அந்த வெட்டைப் பார்த்து எனக்கே பெருமை தாங்கவில்லை. புது ரப்பர் மாட்டிக் காயவிட்டு, மறுநாள் ஷூ போட்டுக்கொண்டு முற்றத்தில் இறங்கினேன்.

வீசினேன். மட்டை பந்தின் உச்சியை உரசிக்கொண்டு போனது. மறுபடியும் வீசினேன்... மறுபடியும் அப்படியே.

கணவர் வாசற்படியில் நின்று என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஏட்டி, நீ ஹாலுல வெறுங்காலோடல்லா அளந்த?"

கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர்கூடச் செருப்பை வெளியே விட்டுவிட்டு வரும் வீடு. ஹாலில் ஷூ போட்டு நிற்கவேண்டும் என்று எனக்கோ, கணக்கு வாத்தியாருக்கோ தோன்றவே இல்லை. ஷூவின் அடிப்பாகமே நல்ல ஒரு விரற்கடை இருக்கிறது. ஆக, நான் வெட்டியிருக்கவேண்டியதும் ஒன்றுதான். அழுகையே வந்துவிட்டது. எதைக்கொண்டு வெட்டுவது என்று இவ்வளவு யோசிக்கிறோம்... எப்படி நின்று அளப்பது என்று யோசிக்கிறோமா?

மற்ற மட்டைகளை முற்றத்திலேயே, ஷூவோடு நின்று அளந்து, ஒரு விரற்கடை மட்டும் வெட்டினேன். அத்தனையும் கச்சிதம்!

சனிக்கிழமை ஆட்டத்தில் செவன் அயர்ன் எடுத்தே ஆகவேண்டிய இடம் வந்தது. ஷூ இரண்டையும் கழற்றி ஓரமாக வைத்தேன். மேனேஜர் என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். புல் ஈரமாக இருந்தது. வீசினேன். பந்து எழும்பிப் போய்க் கொடிக்குப் பக்கத்தில் விழுந்தது. கோல்ஃபில் நம்மோடு ஆடுபவரின் ஸ்கோரை நாம் எழுதுவதுதான் வழக்கம். அன்று என் ஸ்கோரை எழுதியவர் மேனேஜர்.

வெட்டிய மட்டையை நீட்ட முடியாதுதான்... ஆளைக் குறைக்கலாம் அல்லவா?