ஒடீலாவின் மூக்குப் பலகைகள்

ஒடீலா எட்செகாரய்க்கு இருந்த பிடிவாதம் தக்குவரெம்போ மேட்டுநிலம் முழுக்கப் பிரசித்தம். மழை ஏமாற்றிய அந்த வசந்தத்திலும் ஓடையோரப் புல்வெளியை அவள் திறக்கவே இல்லை. விற்பனைக்கு நிற்கும், காயடித்த தன் எருதுகளை அங்கே மேய்க்கக் கேட்டுக் கேட்டுத் தம்பி மில்டனுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். காளை சேரும் காலத்தில், கன்று ஈன்று மெலிந்த பசுக்களுக்கென்றே அவள் காத்த புல் அது.

அங்கே கோடை தொடங்கும் டிசம்பரில் பசு, கன்று, காளை எல்லாவற்றையும் அதில் விட்டாள். கன்றுகளின் மூக்கில் பலகை மாட்டினாள். பலகை தொங்கும் கன்று புல் மேயலாம், மடியில் வாய்வைக்க முடியாது. ஊட்டுவது நின்றால்தான் பசுவுக்குக் காளை நினைப்பு வரும்.

வாரம் ஓடியது. ஒரு பசுவும் காளையைச் சட்டை செய்யவில்லை.

"சனிக்கிழமை மரக்கம்பெனிக்காரன் வர்றான்க்கா," என்றான் மில்டன். "அதுக்குள்ள ஒரு பசுவாச்சும் காளைக்கு நிக்கலேன்னா நெலத்த அவனுக்குக் குத்தகைக்கு விட்டு யூகலிப்டஸ்தான். நீயே ஒத்துக்கிட்ட பேச்சு."

"ஒத்துக்கிட்டேன்தான். வாய மூடு."

பசுக்களிடம் போனாள். ஒரு கன்றின் உதட்டில் பால் நுரை! காசை மிச்சம் பிடிக்க அவள் மாட்டிய பழைய பலகைகள் வெயிலில் வளைந்திருந்தன. கன்றுகள் தலையைச் சாய்த்துத் திருட்டுத்தனமாகக் குடித்துக்கொண்டிருந்தன. டவுனிலோ பலகை தீர்ந்துபோயிருந்தது.

அன்று புதன். கன்றுகளை மொத்தமாகப் பிரித்துப் பட்டியில் அடைத்துத் தவிடு வைத்தாள்.

அதுவும் வினையாயிற்று. பசுக்கள் அத்தனை புல்லையும் விட்டுவிட்டு வேலியில் நின்று கதறின. இரண்டு நாள் கதறலில் ஒடீலாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"பொத்திப் பொத்தி வச்ச புல்ல யாருக்கா திங்கறது, நீயா?" என்றான் மில்டன்.

"தின்னா நீதான் திங்கணும், எருதுக்குப் பொறந்தவனே!"

"எருதுக்குப் புள்ள பொறக்காதுக்கா!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கன்றுகளைத் திறந்துவிடப் பட்டிக் கதவின் தாழ்ப்பாளில் கைவைத்தாள். ஆனாலும் திறக்கவில்லை.

சனிக்கிழமை காலை கதறல் ஓய்ந்திருந்தது. பசுக்கள் தலை குனிந்து மேய்ந்தன. மரக்கம்பெனிக்காரன் வண்டியை விட்டு இறங்கியபோது, எலும்பு துருத்திய ஒரு பசு இன்னொன்றின்மேல் தாவியது. கீழே நின்றது நகரவில்லை; பருவத்துக்கு வந்த பசு அப்படித்தான் நிற்கும். காளை மோப்பம் பிடித்து ஓடிவந்தது.

வந்தவன் புல்வெளிக் கதவைத் திறக்கப் போனான். மில்டன் குறுக்கே நின்றான்.

"இன்னிக்குத் தொறக்க முடியாதுங்க. உள்ள காளை வேலையா இருக்கு."

"அப்ப எப்ப வரட்டும்?"

மில்டன் அக்காவைப் பார்த்தான். அவள் முகத்தை மூடிக்கொண்டு விம்மிக்கொண்டிருந்தாள்.

"வர வேணாங்க," என்றான்.